வெயிலில் நிற்பது வணக்கம் அல்ல
கத்திரி நாட்களில் உடல் எனும் அமானத்தைக் காப்போம்



நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் நின்றுகொண்டே இருப்பதைக் கண்டார்கள். யார் என்று விசாரித்தார்கள். அவர் அபூ இஸ்ராயீல் என்றும், உட்காராமலும் நிழலுக்குப் போகாமலும் யாரோடும் பேசாமலும் நோன்பு வைப்பதாக நேர்ச்சை செய்து வெயிலில் நிற்கிறார் என்றும் தோழர்கள் தெரிவித்தார்கள். அவரைப் பேசவும், நிழலுக்குப் போகவும், உட்காரவும் சொல்லுமாறு நபியவர்கள் பணித்தார்கள். நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்றார்கள். இந்தச் செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. நோன்பு வணக்கம். வெயிலில் உடம்பை வாட்டுவது வணக்கத்தில் சேராது. உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தியதும் இதே கருத்தில்தான்.

நம் பகுதியில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. "நாங்க பார்க்காத வெயிலா?" என்று சொல்லிக்கொண்டே உச்சி வெயிலில் வேலை செய்வதைப் பெருமையாக நினைக்கிறோம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி நாட்களில், கொத்தனாராக, சித்தாளாக, சுமை தூக்குபவராக, தள்ளுவண்டிக்காரராக, அரசின் ஊரக வேலைக்குப் போகும் பெண்ணாக, செம்பட்டி முக்கில் பேருந்துக்கு நிற்கும் முதியவராக நம் வீட்டில் யாரோ ஒருவர் வெயிலில் இருக்கிறார். அவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பதற்குத் தேவையானவை நான்கு: நேரத்தை மாற்றுவது, தண்ணீர், நிழல், ஒருவரை ஒருவர் கவனிப்பது. நான்குமே செலவில்லாதவை அல்லது செலவு குறைந்தவை. இந்தப் பாடம் அவற்றைப் பற்றியதுதான்.

வெயில் உடலுக்குள் என்ன செய்கிறது?

நம் உடலின் உள் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெளியே எவ்வளவு சூடானாலும் இந்த அளவைக் காக்க உடல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ரத்தத்தைத் தோலை நோக்கி அதிகமாக அனுப்பி உள் சூட்டை வெளியேற்றுகிறது. இதனால் இதயம் வேகமாக உழைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு, வியர்வையைச் சுரக்கிறது. வியர்வை காற்றில் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

வியர்வையோடு தண்ணீரும் உப்பும் போகின்றன. அவற்றைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ரத்தத்தின் அளவு குறைந்து, வியர்ப்பதும் குறைந்து, உள் வெப்பம் ஏறத் தொடங்கும். அது 40 டிகிரியை எட்டினால் மூளை, சிறுநீரகம், ஈரல் எல்லாம் பாதிக்கப்படும். இதுதான் வெப்ப வாதம் என்கிற ஹீட் ஸ்ட்ரோக். சில மணி நேரத்தில் உயிரையே எடுத்துவிடும்.

செய்தியில் வரும் வெப்ப அளவைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வானிலை நிலையங்கள் காற்றோட்டமான பெட்டிக்குள், நிழலில் வைத்த கருவியால் வெப்பத்தை அளக்கின்றன. 39 டிகிரி என்று செய்தியில் சொன்னால் அது நிழலில் உள்ள காற்றின் சூடு. தார் ரோட்டிலும், தகரக் கொட்டகைக்கு உள்ளேயும், கான்கிரீட் போடும் மாடியிலும் நம் உடல் அதைவிட அதிகச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை என்று வானிலைத் துறை கணக்கிடுகிறது. நம் திண்டுக்கல் சமவெளியில் மே மாத வழக்கமான அளவே அதிகம். ஆகவே வெப்ப அலை அறிவிப்பு வரவில்லை என்பதற்காக ஆபத்தும் இல்லை என்று எண்ண வேண்டாம்.

முதல் மருந்து: நேரத்தை மாற்றுவது

ஒரு பயணத்தில் முஅத்தின் லுஹருக்குப் பாங்கு சொல்ல எழுந்தபோது, சற்றுக் குளிரட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அவரை நிறுத்தினார்கள். மீண்டும் சொல்ல முனைந்தபோதும் அப்படியே நிறுத்தினார்கள். மணல் மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருந்தார்கள் என்று அபூ தர் (ரலி) அறிவிக்கிறார்கள். கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுத் தாமதப்படுத்தும் இந்த வழிகாட்டல் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது.

தொழுகையின் நேரத்திலேயே வெயிலுக்காக இடம் கொடுத்த மார்க்கம் இது. அப்படியிருக்க, செங்கல் சுமப்பதையும் கடைக்குச் சரக்கு இறக்குவதையும் தள்ளிப்போட முடியாதா? கோடைக்கால லுஹர் ஜமாஅத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்பதை இமாமும் ஜமாஅத்தும் பேசி முடிவு செய்யட்டும். மற்ற வேலைகளின் நேரத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

காலை 11 மணி முதல் 3 மணி வரை வெளிவேலையைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. ஃபஜ்ரு தொழுதவுடன் வேலையைத் தொடங்கினால் வெயில் ஏறும் முன் நாலைந்து மணி நேரம் கிடைக்கும். மீதியை அஸருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சந்தைக்குப் போவது, வங்கிக்குப் போவது, பத்திரிகை கொடுக்கப் போவது, நலம் விசாரிக்கப் போவது எல்லாம் காலையிலோ மாலையிலோ இருக்கட்டும். நடுவில் சிறிது நேரம் படுத்து எழுவதற்கு கைலூலா என்று பெயர். நபித்தோழர்கள் ஜுமுஆ முடிந்த பிறகு உண்டு, ஓய்வெடுத்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. பகல் தூக்கத்தைச் சோம்பல் என்று கேலி செய்யும் வழக்கத்தை இந்த ஒரு மாதமாவது விட்டுவிடுவோம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்க்கும் வளைகுடா நாடுகளிலும் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதே மூன்று மாதங்களுக்குப் பகல் 12.30 முதல் 3 வரை தடை உண்டு. பக்கத்தில் கேரளத்திலும் கோடையில் தொழிலாளர் துறை நடுப்பகல் வெளிவேலைக்கு இடைவேளை அறிவிக்கிறது.

புதிதாக வெயில் வேலைக்கு வருபவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். விடுமுறையில் வேலைக்கு வந்த மாணவரையும், நோயிலிருந்து எழுந்து திரும்பியவரையும் முதல் நாளிலேயே முழு வேலைக்கு விடாதீர்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

இரண்டாவது: தாகத்துக்கு முன்பே தண்ணீர்

தாகம் எடுப்பதற்குள் உடலில் தண்ணீர் குறையத் தொடங்கியிருக்கும். முதியவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும். ஆகவே தாகத்தை நம்பாமல் நேரத்தை நம்புங்கள். எளிய வழி ஒன்று சொல்கிறோம். ஐவேளையும் ஒளுச் செய்யத் தண்ணீர் அருகே போகிறோம். ஒவ்வொரு ஒளுவுக்கும் முன்போ பின்போ இரண்டு டம்ளர் குடித்தால் அதிலேயே பத்து டம்ளர் ஆகிவிடும். நின்று மடக்கென்று குடிக்காமல், உட்கார்ந்து மூன்று மூச்சில் குடிப்பது நமக்குக் கற்றுத் தரப்பட்ட ஒழுக்கம்.

வெயிலில் உழைப்பவருக்கு இது போதாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் என்ற கணக்கில் குடிக்க வேண்டும். ஒரேயடியாகக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போவதால், வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் வரலாம். இடையிடையே உப்பிட்ட நீர்மோர், நீராகாரம், உப்புப் போட்ட எலுமிச்சை நீர், இளநீர் சேர்த்துக்கொள்ளுங்கள். நுங்கு, தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு நல்லவை. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சையோடு வெள்ளரியைச் சேர்த்து உண்டார்கள் என்று வரும் செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று பார்க்கச் சிறுநீரின் நிறமே அளவுகோல். வெளிர் மஞ்சளாக இருந்தால் நலம். அடர் மஞ்சளாகவோ, டீத்தண்ணீர் நிறத்திலோ, அளவு குறைந்தோ போனால் உடல் தண்ணீர் கேட்கிறது என்று பொருள்.

இங்கே பெண்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். வேலைத்தளத்திலும் சந்தையிலும் நெடும் பேருந்துப் பயணத்திலும் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்பதால் நம் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இதனால் சிறுநீர்த் தொற்றும், கல்லடைப்பும், வெயில் மயக்கமும் வருகின்றன. தண்ணீர் குடி என்று அவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, போகும் இடத்தில் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்வதுதான் ஆண்களின் பொறுப்பு. கடை வைத்திருப்பவர்கள், மண்டபம் வைத்திருப்பவர்கள், வேலைத்தளம் நடத்துபவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு வரலாறும் ஒரு எச்சரிக்கையும்

1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து போருக்குத் தப்பி வந்த லட்சக்கணக்கான மக்கள், மேற்கு வங்கத்தின் எல்லையோர முகாம்களில் தங்கினார்கள். பெரும்பாலும் ஏழைகள். பன்கான் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கான சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அங்கு பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்தக் கரைசலைக் குடித்தவர்களில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவருக்கு 2023-ல், மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. இன்று ஓ.ஆர்.எஸ். என்று நாம் வாங்கும் பொட்டலமும் அதே முறையிலானதுதான்.

சர்க்கரையும் உப்பும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் குடல் தண்ணீரை விரைவாக இழுத்துக்கொள்ளும். அளவு மாறினால் பலன் இல்லை. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கும், சிறியது 200 மில்லிக்கும் இருக்கும், படித்துப் பாருங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி தயாரிக்கப்படாத பானங்களின் பெயரில் அந்த மூன்றெழுத்தைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு அதிகச் சர்க்கரையுள்ள பானத்தைக் கொடுத்தால் போக்கு இன்னும் கூடும். மருந்துக்கடையில் கிடைக்கும் சரியான பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சிறுநீரக நோய், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் கரைசலையும் இளநீரையும் தினமும் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: வீட்டுக்குள் நிழல்

தகர வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டிலும் இருப்பவர்களுக்கு வீடே வெயில்தான். கூரையின் மேல் தென்னங்கிடுகு பரப்புவது, மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது இரண்டும் உள் வெப்பத்தைக் குறைக்கும். 2010 மே மாத வெப்ப அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகளைக் கண்ட அகமதாபாத் நகரம், 2013-ல் வெப்பத்துக்கென்று தனிச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்துக்கொண்டது. நம் வீட்டில் ஒரு மூட்டை சுண்ணாம்பும் ஒரு மாலை நேரமும் போதும்.

வெயில் படும் பக்கத்து ஜன்னலைப் பகலில் திரையிட்டு மூடுங்கள். மஃரிபுக்குப் பிறகு எல்லா ஜன்னல்களையும் திறந்து காற்றை விடுங்கள். காற்றே உடலைவிடச் சூடாக இருக்கும் மதிய நேரத்தில் ஃபேன் மட்டும் உதவாது. சூட்டையே திருப்பி அடிக்கும். கை, கால், கழுத்தை நனைத்துக்கொண்டோ, ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டோ ஃபேனுக்குக் கீழே இருந்தால் பலன் உண்டு.

சமையலறையில் நிற்பவருக்கு வெளியே இருப்பவரைவிடச் சூடு அதிகம். காலையிலேயே சமைத்து முடிப்பது, மதியத்துக்குப் பழைய சோறும் மோரும் துவையலும் போதும் என்று வீட்டார் மனமுவந்து ஏற்பது, இவை இல்லத்தரசிக்கு நாம் செய்யும் உதவி. வலீமாவிலோ விருந்திலோ மீந்த பிரியாணியை இந்த வெக்கையில் மாலை வரை வெளியே வைத்திருந்து கொடுத்தனுப்பாதீர்கள். இறைச்சி இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருந்தால் கிருமி பெருகும். ஏழை வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் சூடாக இருக்கும்போதே கொடுங்கள்.

வெளியே போகும்போது வெளிர் நிற, தளர்வான பருத்தித் துணி நல்லது. பெண்கள் பர்தாவிலும் மெல்லிய, காற்றுப் புகும் துணியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்கள் தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொள்ளலாம். குடை பிடிப்பதில் யாருக்கும் வெட்கம் வேண்டாம்.

நான்காவது: ஒருவரை ஒருவர் கவனிப்பது

வெயில் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்காது. முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், இதய நோயாளிகள், மனநல மருந்து சாப்பிடுபவர்கள் எளிதில் பாதிக்கப்படுவார்கள். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடல் தண்ணீர் விரைவில் குறையும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் மருந்தைச் சூடான இடத்தில் வைத்தால் வீரியம் போய்விடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள், மருந்தை நனையாதபடி டப்பாவில் மூடி, ஈர மணலிலோ தண்ணீரிலோ வைத்த மண்பானைக்குள் பாதுகாக்கலாம்.

தனியாக இருக்கும் பெரியவர்களைக் காலையும் மாலையும் ஒருவர் போய்ப் பார்ப்பது அண்டை வீட்டாரின் கடமை. "அத்தா, தண்ணி குடிச்சீங்களா?" என்று தொலைபேசியில் கேட்பதோடு நிற்காமல், டம்ளரைக் கையில் கொடுத்துக் குடிக்க வைத்து வாருங்கள்.

நஃபில் நோன்பு வைத்து வெயிலில் வேலை பார்ப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். தலை சுற்றி, கண் இருட்டி, உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் நோன்பைத் திறக்க மார்க்கம் இடமளிக்கிறது.

விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் வெக்கை தாங்காமல் கிணற்றையும் குளத்தையும் தேடிப் போவார்கள். பெரியவர் துணையில்லாமல் அனுப்பாதீர்கள். ஒருவர் மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது, கயிறோ சேலையோ நீண்ட கம்போ நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

ஹஜ் தந்த படிப்பினை

2024 ஜூனில் நடந்த ஹஜ்ஜின்போது மக்கா ஹரமில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் கிடைக்காமல், நிழலும் ஓய்வும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்கள். அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக.

ஒரே ஊர், ஒரே வெயில். நிழல் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையில்தான் இவ்வளவு வித்தியாசம். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர்கள் முறையான வழியில் மட்டுமே போக வேண்டும், குடையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் எடுத்துப் போக வேண்டும், நடுப்பகல் நடையைத் தவிர்க்க வேண்டும் என்பதைக் குடும்பத்தார் வற்புறுத்திச் சொல்லுங்கள்.

ஒருவர் மயங்கினால்

கால், வயிற்றுத் தசைகள் பிடித்து இழுத்தால் அது முதல் எச்சரிக்கை. நிழலில் உட்கார வைத்து உப்புக் கலந்த நீரோ மோரோ கொடுங்கள். அதிகமாக வியர்த்து, தலை சுற்றி, வாந்தி வந்து, உடல் சோர்ந்தால் அது இரண்டாவது நிலை. படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடலை நனைத்து விசிறி, கொஞ்சம் கொஞ்சமாக ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, ஆளைத் தெரியவில்லை என்றாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அதுதான் வெப்ப வாதம். வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடனே செய்ய வேண்டியவை:

1. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள்.

2. நிழலுக்குத் தூக்கி வந்து, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி வேகமாக விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணியோ துணியில் சுற்றிய ஐஸோ வையுங்கள்.

3. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

4. காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இந்தச் சூட்டை அது குறைக்காது.

5. ஆம்புலன்ஸ் வந்த பிறகும், வழியிலும் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். உள் வெப்பம் எத்தனை நிமிடம் உச்சத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தே உயிர் பிழைப்பது அமையும்.

மயங்கியவர் பெண் என்றால் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அருகில் உள்ள பெண்கள் துப்பட்டாவையோ போர்வையையோ சுற்றிப் பிடித்து மறைவு ஏற்படுத்திக்கொண்டு, பர்தாவைத் தளர்த்தித் தண்ணீர் ஊற்றட்டும். பெண்கள் யாருமே இல்லையென்றாலும் தண்ணீர் ஊற்றுவதையும் விசிறுவதையும் தாமதிக்காதீர்கள். உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் சலுகை தருகிறது. ஓர் உயிரை வாழ வைப்பவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போன்றவர் என்ற குர்ஆனின் கருத்தை இந்த இடத்தில் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு தகவலும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. மரணக் காரணத்தை உரிய அதிகாரி சான்றளித்தால்தான் அது கிடைக்கும். எனவே ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும்போதே, வெயிலில் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் இருந்தபோது விழுந்தார் என்பதைச் சொல்லிப் பதிய வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவியுங்கள். அப்படி ஒரு நிலை எந்த வீட்டுக்கும் வராமல் அல்லாஹ் காப்பானாக.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஜமாஅத்துக்கும்

பணியாளர்கள் மீது அவர்கள் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் கூட நின்று உதவ வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. கடை முதலாளிகளும், கட்டட ஒப்பந்தக்காரர்களும், தோட்டம் வைத்திருப்பவர்களும் இந்த ஒரு மாதம் வேலை நேரத்தை மாற்றி, நடுப்பகல் ஓய்வுக்குக் கூலி பிடிக்காமல் இருந்தால் அதைவிடச் சிறந்த ஸதகா வேறு என்ன இருக்கிறது? நாள் கூலி குறையும் என்ற பயத்தில்தான் ஏழை வெயிலில் நிற்கிறார். அந்தப் பயத்தைப் போக்குவது கூலி கொடுப்பவர் கையில் இருக்கிறது.

தம் தாயாரின் பெயரால் செய்யச் சிறந்த தர்மம் எது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, தண்ணீர் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். அவர் கிணறு ஒன்றைத் தோண்டி வைத்தார். நாம் பள்ளிவாசல் வாசலிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் மண்பானை வைத்துத் தண்ணீர்ப் பந்தல் அமைக்கலாம். தினமும் பானையைக் கழுவி, காய்ச்சிய அல்லது வடிகட்டிய நீரை நிரப்பி, நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொண்டு கொடுக்க ஓர் ஆள் இருந்தால்தான் அது நோய் பரப்பாமல் இருக்கும். எந்த மதத்தவர் வந்தாலும் முதலில் உட்கார நிழல், பிறகு தண்ணீர். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்று கற்றவர்கள் நாம். ஆடு மாடுகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு தொட்டி வையுங்கள்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச

1. நம் வீட்டில் காலை 11 முதல் 3 மணி வரை வெயிலில் இருப்பவர் யார்? அவருடைய வேலையில் எதை முன்னோ பின்னோ மாற்றலாம்?

2. நம் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் யார்? அவரைக் காலையில் பார்ப்பது யார், மாலையில் பார்ப்பது யார்?

3. வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறதா? அதை எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா?

4. வெப்ப வாதத்தின் அடையாளம் என்ன என்று கேட்டால், பேச்சு குழறுவது, நினைவு தப்புவது என்று வீட்டில் எல்லோராலும் சொல்ல முடிகிறதா?

இந்த நான்கையும் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு பேசி முடிவு செய்யுங்கள். அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

யா அல்லாஹ்! வெயிலில் உழைத்து ஹலாலான உணவு தேடும் எங்கள் சகோதர சகோதரிகளின் உடல்நலத்தைக் காப்பாயாக. எங்கள் பகுதிக்குப் பயனுள்ள மழையைத் தருவாயாக. நீ தந்த உடல் எனும் அமானத்தைப் பேணுபவர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.